பார்வைக்கு வைத்த பணம்

அந்தக் கால்பந்துக் கிளப் கடனில் மூழ்கி விலைக்கு வந்தது. வாங்க வருகிறவர்களிடம் நிஜமாகவே பணம் இருக்கிறதா, இல்லை வெறும் வாய்ச்சவடால்தானா என்று துருவிப் பார்க்கும் வேலை ஒரு ஆடிட்டர் ஆபீசுக்கு வந்து, கடைசியில் கணக்கம்மா தலையில் விழுந்தது. ஆபீசில் அவளுக்கு அதுதான் பெயர். அவள் வீட்டுக்காரரோ அதே கிளப்பில் மைதானம் பார்த்துக்கொள்கிறவர். புல் வெட்டி, தண்ணீர் விட்டு, வெள்ளைக்கோடு போடுகிற மனுஷனுக்கு மாசக்கணக்காகச் சம்பளம் இல்லை. இது சரிப்படாது, வேறு ஆளிடம் கொடுங்கள் என்று ஆடிட்டரிடம் சொல்லித்தான் பார்த்தாள். இந்த ஊரில் அந்தக் கிளப்போடு ஒட்டு உறவு இல்லாதவன் எவன் என்று கேட்டு அவர் வாயை அடைத்துவிட்டார். இன்னொரு ஆளுக்குச் சம்பளம் கொடுக்க அவருக்கு மனசு வருமா என்ன!

வந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் சிமென்ட் வியாபாரி, இன்னொருவர் லாரிக் கம்பெனி முதலாளி. இருவருக்கும் ஏழாம் பொருத்தம் என்று ஊரே சொல்லும். ஒரு வருஷம் கிளப்பை நடத்தப் போதுமான தொகை கணக்கில் இருக்கிறது என்று இருவருமே வங்கிச் சான்றிதழ் கொண்டுவந்தார்கள். மற்றவர்கள் சான்றிதழைப் பார்த்தால் போதும் என்று விட்டுவிடுவார்கள். கணக்கம்மா அதற்கு முன்னும் பின்னும் உள்ள வரவு செலவைக் கேட்டு வாங்குவாள்.

வாங்கிப் பார்த்தால், அடேயப்பா! செவ்வாய்க்கிழமை சிமென்ட் வியாபாரியின் கணக்குக்கு ஒரு வட்டிக்காரரிடமிருந்து வந்த பணம் புதன்கிழமை அவரிடமே திரும்பியிருந்தது. வெள்ளிக்கிழமை அதே வட்டிக்காரரின் அதே தொகை லாரி முதலாளியின் கணக்கில் இறங்கி, சனிக்கிழமை கிளம்பிப் போயிருந்தது. ஒரே நகையை இரண்டு கல்யாணத்துக்கு இரவல் கொடுத்த கதைதான்.

முன்பெல்லாம் இப்படி ஒன்று அகப்பட்டால் அவளுக்கு உள்ளுக்குள் குதியாட்டமாக இருக்கும். இப்போது ஒன்றுமே தோன்றவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் கிடக்குமே, அப்படி மரத்துக் கிடந்தது மனசு.

மறுநாள் காலையில், வேலைக்குக் கிளம்பும்போது, வீட்டுக்காரர் முதல்முறையாக வாய்விட்டுக் கேட்டார்.

"ரெண்டு பேர்ல எவனாவது தேறுவானா?"

"தேற மாட்டாங்க."

"கொஞ்சம் கண்டுக்காம விட்டா என்ன?"

"விட்டா நாலு மாசம் ஓடும். அப்புறம் மைதானத்தை பிளாட் போட்டு வித்துடுவாங்க."

நாலு மாசச் சம்பளமாவது வந்திருக்கும் என்று முணுமுணுத்தபடி அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

அவள் உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தாள். ஆடிட்டர் கையெழுத்துப் போட்டார். அந்த வாரமே கிளப்புக்குப் பூட்டு விழுந்தது.

பூட்டு விழுந்த மறுநாள் ஆபீஸ் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. எழுதியது யார் என்று அவர்களுக்குத் தெரியாது. மாடி ஜன்னலிலிருந்து பார்த்தாள். முன்வரிசையில் அவள் வீட்டுக்காரர் நின்றிருந்தார். "எழுதினவன் கை விளங்காமப் போக!" என்று கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் தட்டின் முன்னால் உட்கார்ந்து அவரே அந்தப் பேச்சை எடுத்தார்.

"நீ அங்கதான் வேலை பாக்குறேன்னு எல்லாருக்கும் தெரியும். நான் சும்மா நின்னா சந்தேகம் நேரா நம்ம வீட்டுக்கு வரும். அதான் கத்தினேன்."

"நல்லதுதான் பண்ணீங்க" என்றபடி பரிமாறினாள்.

அவர் சாப்பாட்டில் கை வைக்கவில்லை.

"முதல்ல உனக்காகத்தான் கத்தினேன். அப்புறம் நிஜமாவே கத்தினேன்."

அவளுக்குக் கோபம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. வந்தால் தேவலை என்றிருந்தது.

"தெரியும். பார்த்தேன்" என்றாள். "ஆறிடப் போகுது, சாப்பிடுங்க."