தோழருக்கு எதிரே ஓரிடம்

திருத்தணி மலை தெரியும் இந்த வேர்க்கடலைக் கொல்லையில், சென்ற ஆண்டு மறைந்த என் தோழர் சண்முகத்தை மலைநோக்கி அமர்ந்த கோலத்தில் அடக்கம் செய்திருக்கிறார்கள். அது அவர்தம் குலவழக்கு. நானோ வேற்றுக் குலத்தவன். ஆயினும் விடுமுறைக்கு வந்த நான், அவர் தம்பியிடம் கேட்டுவிடுகிறேன்.

"எனக்கும் இங்கே இடம் தருவீர்களா?"

"ஆங், தராம என்னங்க? நீங்க கேப்பீங்கன்னு அண்ணன் சொல்லிகினே இருந்தாரு. ஆனா பக்கத்துல வேணாமாம், எதிர்ல உக்காரணுமாம். உங்க வாதம் இன்னும் முடியலையாமே!"

உவகை தாளவில்லை. தோழருக்கு எதிரே அப்போதே சம்மணமிட்டு அமர்ந்துவிடுகிறேன்.

"எந்திரிங்க நைனா! கடலை இன்னும் புடுங்கல. அதுக்குள்ள என்னா அவசரம்?"