அக்காவின் நீர் மாத்திரை எத்தனை மணிக்கு?

போன திங்கட்கிழமை அக்காவின் காலைப் பார்த்துப் பதறிவிட்டேன். செருப்பு நுழையவில்லை. அத்தனை வீக்கம்!

தருமபுரத்தில் எங்களுக்கு அடுத்த தெருவில் இருக்கிறாள். கருக்களாச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். இதயம் பலவீனம் என்று சமீபத்தில்தான் தெரிந்தது. உடம்பில் நீர் சேராமலிருக்க ஒரு மாத்திரை... காலையில் எழுந்ததும் போடவேண்டும் என்பது டாக்டர் உத்தரவு.

"மாத்திரை போடறியாக்கா?"

"போடறேன், போடறேன். நீ ஆபீசுக்குக் கிளம்புடா."

ஆபீசில் இருப்புக் கொள்ளவில்லை. எந்த ஃபைலைத் திறந்தாலும் அவள் கால்தான் தெரிந்தது. பக்கத்து சீட்காரர், ராத்திரிதான் போடணும் என்றார். டீக்கடையில் ஒருவர், வெறும் வயிற்றில் என்றார். இன்னொருவர், சாப்பிட்ட பிறகு என்றார். இந்த ஊரில் டாக்டர் அல்லாதவர் யார்?

சாயங்காலம் போனால், அக்காவால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு திணறுகிறது. பிடிவாதமாக ரிக்‌ஷாவில் ஏற்றி டாக்டரிடம் கொண்டுபோனேன்.

"மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?"

அக்கா என்னைப் பார்த்தாள். "தம்பி, நீ கொஞ்சம் வெளியே இரு."

இருந்தேன். நடுவில் வெறும் திரைச்சீலைதானே... எல்லாம் காதில் விழுந்தது.

"ஸ்கூல் நாள்ல போடறதில்லீங்க. போட்டா அடிக்கடி போகவேண்டியிருக்கு. அங்க கக்கூஸ் இல்லீங்க. பிள்ளைங்கள விட்டுட்டு யார் வீட்டுக் கதவைத் தட்டறது? ராத்திரி போட்டுப் பார்த்தேன், தூக்கமே போச்சு. அதான்..."

குரல் உடைந்துவிட்டது. கூச்சத்துக்காக உயிரையே பணயம் வைப்பார்களா? வைக்கிறார்களே!

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. "ஸ்கூல் விட்டு எப்ப வருவீங்க?"

"நாலரைக்குள்ள வந்துடுவேங்க."

"வந்ததும் போடுங்க. லீவு நாள்லயும் அதே நேரம்தான். தூங்கப் போறதுக்குள்ள அதோட வேலை முடிஞ்சிடும். ஒரு நாளும் விடக்கூடாது. வீக்கம் வடியற வரைக்கும் ஸ்கூலுக்கு லீவு சொல்லிடுங்க."

ஊசி ஒன்றும் போட்டு அனுப்பினார்.

இப்போது வீக்கம் இறங்கிவிட்டது. படுத்துத் தூங்க முடிகிறது என்கிறாள். இதை எழுதட்டுமா என்று கேட்டதற்கு, "எழுது. என்னை மாதிரி எத்தனை பேர் வாயைத் திறக்காம இருக்காங்களோ!" என்றாள்.

மாத்திரைக்கு நேரம் சொல்லும்போது, பகலெல்லாம் எங்கே இருப்பீங்கன்னும் ஒரு வார்த்தை கேளுங்களேன், டாக்டர்!