கீழ்ப்பிரிவு லயத்தின் இரண்டு விண்ணப்பங்கள்

மாத்தளை பஸ் நிலையத்திலிருந்து யட்டவத்த பஸ் காலை எட்டு மணிக்குப் புறப்படும் என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள். எட்டேகாலுக்கு நடத்துநர் நின்றபடி வடை தின்றுகொண்டிருந்தார். அவசரம் எனக்கு மட்டும்தான். அன்று மாலை நான்கு மணிக்குள் என் தோழி விஜயலட்சுமியைத் தன் கைபேசியில் ஒரு பொத்தானை அழுத்த வைக்க வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பயணம். டிக்கெட் எழுபது ரூபா. தூரம் பன்னிரண்டு கிலோமீற்றருக்கு மேல் இருக்காது.

கொழும்பில் ஒரு பல்கலைக்கழகத்தில் 'டிஜிட்டல் தொழில்நுட்பமும் செயற்கை நுண்ணறிவுக் கொள்கையும்' என்ற முதுகலைப் படிப்பில் சேர்ந்து எனக்கு மூன்று வாரமாகிறது. படிப்பின் பெயரை வீட்டில் சொன்னபோது வாப்பா, "பேரு நல்ல நீளமா இருக்கு, வேலை கிடைக்குமா?" என்றார். மாத்தளையில் மிளகு மொத்த வியாபாரம் செய்கிறவர் அவர். அந்தப் படிப்புக்கு விஜியும் விண்ணப்பித்திருந்தாள். முதல் பட்டத்தில் என்னைவிட அதிகப் புள்ளி எடுத்தவள். எனக்கு இடம் வந்தது. அவளுக்கு ஒன்றும் வரவில்லை.

அனுமதிப் பிரிவில் போய்க் கேட்டேன். அங்கிருந்த உத்தியோகத்தர் நல்ல மனிதர், கணினியைத் திருப்பிக் காட்டினார். விண்ணப்பங்களை முதலில் சலித்தெடுப்பது இப்போது ஒரு தானியங்கி முறை. விஜியின் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பில் ஒரு குறி. ஒரே விலாசம், ஒரே கைபேசி, இரண்டு விண்ணப்பம். "உங்கட ஃப்ரெண்ட் தெரியாம ரெண்டு தரம் போட்டிருக்காங்க. மற்றது சரோஜான்னு யாரோ பேர்ல இருக்கு. அது பொய்யின்னு வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள உறுதிப்படுத்தினா இடம் கிடைக்கும்" என்றார். இரண்டு அடையாள அட்டை எண்கள் இருக்கின்றனவே என்றேன். ஒன்று பொய்யாக இருக்கலாம் என்று கணினி நினைக்கிறதாம். நான் நம்பினேன். விஜி அவசரக்காரி, எங்கேயோ தவறாகத் தட்டியிருப்பாள் என்று சிரிக்கக்கூடச் செய்தேன். அவள் பள்ளிக்கூடத்தில் கணினிப் பாட (ஐசிடி) ஆசிரியை; விடுமுறை என்பதால் மின்னஞ்சல் பார்ப்பதில்லை, போனிலும் கிடைக்கவில்லை. அதனால்தான் வியாழன் இரவே வீட்டுக்கு வந்து, வெள்ளி காலை பஸ் ஏறினேன்.

யட்டவத்த சந்தியில் இறங்கியபோது ஒன்பது மணி. சந்தை சூடு பிடித்திருந்தது; தேங்காய்க் குவியல், வாழைக்குலை, பிளாஸ்டிக் வாளி, சிங்களத்திலும் தமிழிலும் ஒரே மூச்சில் விலை சொல்லும் ஆட்கள். விஜியின் வீடு இருக்கும் ரப்பர் தோட்டத்துக்கு பஸ் மதியம்தான். முச்சக்கர வண்டிக்காரர் எங்களைப் போல முஸ்லிம், வயதானவர். ஐந்து கிலோமீற்றருக்கு எழுநூறு ரூபா கேட்டார்.

"யாரப் பாக்கப் போற மகள்?"

"விஜயலட்சுமி டீச்சரை. வீட்டு நம்பர் தெரியாது நானா."

"நம்பரா? அங்க எந்த வீட்டுக்கு நம்பர் இருக்கு? கீழ் டிவிசன்னு சொன்னா முடிஞ்சுது. இறங்கி யாரக் கேட்டாலும் காட்டுவாங்க."

பாதை என்று சொல்லக்கூடியது இரண்டு கிலோமீற்றரில் முடிந்துவிட்டது. மீதி கல்லும் குழியும். இரண்டு பக்கமும் ரப்பர், அதற்குள் கொக்கோ, மரத்துக்கு மரம் ஏறி நிற்கும் மிளகுக் கொடி. வாப்பாவின் கடைக்கு வரும் மிளகு இந்தப் பக்கத்திலிருந்தும் வருகிறது. தோட்ட அலுவலகத்தின் முன்னால் வண்டி சற்று நின்றபோது, வாசலில் ஒரு மரப்பெட்டி நிறையக் கடிதங்கள் கிடப்பதைப் பார்த்தேன். கீழ்ப்பிரிவில் உள்ள எல்லாக் குடும்பத்துக்கும் ஒரே விலாசம்: பெயர், கீழ்ப்பிரிவு, தோட்டம், யட்டவத்த. தபால்காரர் எல்லாவற்றையும் அந்தப் பெட்டியில் கொட்டிவிட்டுப் போவார். வேலைக்கு வருகிறவர்கள் தங்களுடையதையும் பக்கத்து வீட்டுக்காரர்களுடையதையும் எடுத்துப் போவார்கள். பல தலைமுறையாக அப்படித்தான் நடக்கிறது.

பத்து மணிக்கு விஜியின் வீட்டில் இருந்தேன். தோட்டத் தொழிலாளர்களுக்கான வரிசை வீடுதான் லயம்; அதில் காம்பரா என்கிற ஒற்றை அறை, முன்னால் சின்ன வாசல். என்னைப் பார்த்ததும் அவள் கத்திய கத்தலில் நாய் எழுந்து ஓடியது.

"அடியே ரிஸ்னா! சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்கிறியே! உக்காரு, பிளேன்டீ போடுறேன்."

"தேத்தண்ணி கிடக்கட்டும். உனக்கு இடம் இருக்கு!" என்று நானும் கத்தினேன். "நீதான் ரெண்டு விண்ணப்பம் போட்டுச் சொதப்பி வச்சிருக்க. யாரோ சரோஜான்னு ஒரு பேரு, அது பொய்யின்னு ஒரு பட்டனைத் தட்டினா சரி. இன்னைக்கு நாலு மணிக்குள்ள."

விஜியின் முகம் ஏன் அப்படி வெளிறியது என்று எனக்குப் புரியவில்லை. லயத்துக் காம்பராக்களுக்கு நடுவே உள்ள சுவர் கூரையைத் தொடுவதில்லை என்பதும் அப்போதுதான் கண்ணில் பட்டது. அந்த இடைவெளி வழியாக, பக்கத்துக் காம்பராவிலிருந்து ஒரு பெண் குரல் தெளிவாக வந்தது.

"யாரோ இல்லங்க. நான்தான் சரோஜா."

அடுத்த நிமிடம் அவள் வாசலில் நின்றாள். எங்கள் வயதுதான். யட்டவத்தவில் ஃபோட்டோகொப்பி கடையொன்றில் வேலை. வெளிவாரியாகப் படித்துப் பட்டம் எடுத்தவள், இப்போது இதே படிப்புக்கு விண்ணப்பித்தவள். நடந்ததை விஜி திக்கித் திக்கிச் சொன்னாள். தோட்டத்தில் நன்றாக வேலை செய்யும் போன் யாரிடம் இருக்கிறதோ, மற்றவர்களுடைய காரியத்தையும் அவர்தான் பார்ப்பார். பரீட்சை முடிவு பார்ப்பது, வைத்தியசாலைக்கு நாள் குறிப்பது, எல்லாம். கீழ்ப்பிரிவில் அந்த ஆள் விஜி. இரண்டு விண்ணப்பத்தையும் அவளே, தன் போனிலேயே, தன் மின்னஞ்சலிலேயே, ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நிரப்பியிருக்கிறாள். சரோஜாவின் ஆங்கிலத்தையும் திருத்திக் கொடுத்திருக்கிறாள். ஊர்வழக்கப்படி ஒருத்தி இன்னொருத்திக்குச் செய்த உதவி, கொழும்பில் மோசடியாகிவிட்டது.

"ஒன்ன யாரு என் பேரையும் ஒன் போன்லயே போடச் சொன்னது?" என்றாள் சரோஜா.

"நீதானடி! கடைக் கம்ப்யூட்டர்ல சொந்த வேலை பாத்தா மொதலாளி ஏசுவாருன்னு சொன்ன."

"அதுக்காக? தனி ஈமெயில் ஒண்ணு தொறந்து தர முடியாதா? நீதான் ஐசிடி டீச்சராச்சே!"

லயம் முழுக்கக் கேட்டிருக்கும். யாரோ ஒருவர் வானொலியின் சத்தத்தைக் குறைத்தார். இரண்டு சுவர் தள்ளி ஒரு குழந்தை அழுதது. சரோஜா அழவில்லை. என்னைப் பார்த்து, "நீங்க படிச்சவங்கதானே, இது அநியாயம்னு தெரியலையா?" என்று கேட்டாள். தெரியும். எங்கள் படிப்பின் முதல் வாரமே நியாயம் பற்றித்தான். தானியங்கி முறைகள் ஏழைகளை எப்படித் தவறாகக் கணிக்கின்றன என்று இருபது பக்கம் வாசித்து வட்டமேசையாக உட்கார்ந்து பேசினோம், பிறகு தேநீர் தந்தார்கள். நாங்கள் பேசிய அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில்தான் அனுமதிப் பிரிவு இருக்கிறது.

நான் போய் அலுவலகத்தில் ஒரு கடிதம் வாங்கலாம் என்றேன். மூவரும் போனோம். தோட்ட நிர்வாகியான தொரை கண்டியில்; எழுதுவினைஞர் வரும்வரை மதியம் தாண்டியும் காத்திருந்தோம். எழுதுவினைஞர், "ரெண்டு பேரும் கீழ் டிவிசன்னு எழுதித் தரலாம், வேற என்ன எழுத?" என்றார். உண்மைதான். அந்தக் கடிதம் கணினி சொன்னதையே திரும்பச் சொல்லும். இரண்டு காம்பராவுக்கும் இலக்கம் போட்டு எழுதித் தருவீர்களா என்று கேட்டேன். அவர் என்னை வெளியூர் ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "நம்பர் குடுத்தா நாளைக்கு உறுதிப் பத்திரம் கேப்பாங்க மிஸ். அது நம்ம கையில இல்ல." அந்த வீடுகள் அவர்களுடையவை அல்ல, தோட்டத்துடையவை. இலக்கம் என்பது வீட்டு உரிமைக்கு முதல்படி. அந்தப் படியை யாரும் வைத்துக் கொடுப்பதில்லை.

மூன்று மணிக்குப் பிறகு, வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்துக்கு மேலே உள்ள வளைவுக்கு ஏறினோம். கீழ்ப்பிரிவில் சிக்னல் கிடைப்பது அங்கே மட்டும்தான். நான் உத்தியோகத்தருக்கு அழைத்து, இரண்டு பேரும் உண்மையான ஆட்கள், பக்கத்தில் நிற்கிறார்கள், குரல் கேட்கிறதா என்றேன். கேட்கிறது என்றார், பாவம் என்றார். ஆனால் இணையத்தில் உள்ள உறுதிப்படுத்தும் பக்கத்தில் ஒன்றைத்தான் தெரிவு செய்ய முடியும். மேன்முறையீட்டுக் குழு கூடுவதற்குள் சேர்க்கை முடிந்துவிடும். எதையும் தெரிவு செய்யாவிட்டால் நான்கு மணிக்கு இரண்டும் ரத்து.

விஜி பக்கத்தைத் திறந்தாள். மூன்று மொழியிலும் இருந்தது, அந்த மரியாதையில் குறைவில்லை. 'இவ்விரண்டு விண்ணப்பங்களும் ஒரே நபருடையவை. செல்லுபடியாகும் விண்ணப்பத்தைத் தெரிவு செய்க. மற்றையது போலியானது என உறுதிப்படுத்துகிறேன்.' கீழே இரண்டு பெயர்கள்.

"நீ சொல்லு சரோஜா" என்றாள் விஜி.

"நான் என்னத்தச் சொல்ல? போன் ஒன் கையில இருக்கு. என் பேரத் தட்டுவியா?"

வாயைத் திறந்தது நான்தான். "ரெண்டும் போறதுக்கு ஒண்ணாவது நிக்கட்டுமே" என்றேன். இந்த வாதத்துக்கு எங்கள் படிப்பில் ஒரு பெயர் இருக்கிறது, பரீட்சையில் எழுதினால் புள்ளியும் கிடைக்கும். அந்த வளைவில் அதைச் சொன்னபோது என் நாக்கையே கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. சரோஜா திரும்பி ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான்கு மணிக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது. விஜி அழுதுகொண்டே தன் பெயரைத் தட்டினாள்.

அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவள் தாய் விடியுமுன் எழுந்து ரப்பர்ப் பால் வெட்டி வளர்த்த பிள்ளை அவள். சரோஜாவின் தாயும் அதே மலையில் பால் வெட்டியவள்தான்.

உடனே ஒரு செய்தி வந்தது. 'வாழ்த்துக்கள், விஜயலட்சுமி.' அவள் அதை முழுதாக வாசிக்கும் முன்பே, அதே போனுக்கு இரண்டாவது செய்தி. சரோஜாவுக்கு. அவளுடைய விண்ணப்பத்திலும் அந்த எண்தானே இருந்தது. விஜி போனை மார்போடு அணைத்து மறைக்கப் பார்த்தாள்.

"எனக்கு வந்ததுதானே. வாசி" என்றாள் சரோஜா.

விஜி வாசித்தாள். வகுப்பில் வாசிப்பதுபோல, ஒவ்வொரு சொல்லாக. "சரோஜா, உங்கள் விண்ணப்பம் போலியானது என உறுதிசெய்யப்பட்டுள்ளது. இனி இந்த இணையத்தளத்தில் நீங்கள் விண்ணப்பிக்க முடியாது. உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி." இரண்டு பேரும் ஒருவர்தான் என்று அடித்துச் சொன்ன கணினி, தண்டனையை மட்டும் சரியான ஆளின் பெயருக்கு அனுப்பியிருந்தது.

ஐந்து மணிக்கு அதே முச்சக்கர வண்டி வந்தது. சரோஜாவும் என்னோடு ஏறினாள். அன்று மதியம் கடைக்குப் போக வேண்டியவள் போகவில்லை, ஏழு மணிவரை நின்று அதை ஈடு செய்ய வேண்டுமாம். விஜி வாசலோடு நின்றுவிட்டாள். குழியில் வண்டி தூக்கிப் போட்டபோதெல்லாம் சரோஜா என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அதற்குத் தகுதி இல்லை என்று தோன்றியது.

சந்தி வந்துவிடும் என்ற பதற்றத்தில் நான் பேச ஆரம்பித்தேன். வேறு பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன, அடுத்த வருடம் போடலாம், என் மடிக்கணினியைத் தருகிறேன். மாத்தளையில் எங்கள் வீட்டுக்கு வீதிப் பெயர் இருக்கிறது, கதவில் இலக்கம் இருக்கிறது. அந்த விலாசத்தையே கொடுக்கலாம், எந்தக் கணினியும் கேள்வி கேட்காது என்றேன். சொல்லும்போது பெரிய மனசு செய்வதுபோல்தான் எனக்கே இருந்தது.

சரோஜா என்னைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை.

"இல்லாத எடத்துல இருக்கேன்னு நான் பொய் சொல்லணும். அப்பத்தான் நான் நெசம்னு ஒத்துக்குவாங்க. அப்படித்தானுங்களே?"

வண்டி நின்றது. தன் பங்கு முந்நூற்றைம்பது ரூபாவை அவள் வண்டிக்காரர் கையில் கொடுத்துவிட்டு, சந்தை மூடிக்கொண்டிருந்த தெருவைத் தாண்டிக் கடைக்குப் போனாள். நான் மாத்தளை பஸ்ஸில் ஏறினேன். திங்கட்கிழமை எங்களுக்கு வகுப்பு இருக்கிறது. விஜி வருவாள், என் பக்கத்தில் உட்காருவாள். சரோஜா கேட்டதற்குப் பதில் 'ஆமாம்' என்பதுதான்.