வெட்ட முடியாத கம்பி

அவரை எல்லோரும் ஒன்றரைக்கண் என்றுதான் கூப்பிடுவோம். சின்ன வயதில் அண்ணன் எறிந்த கல் பட்டு, இடது கருவிழி மூக்குப் பக்கமாய் ஒதுங்கிவிட்டது. அந்த அண்ணனுக்காகவே பாதி ஆயுள் அடிதடி செய்தார் என்பதுதான் வேடிக்கை. அண்ணன் கேபிள் இன்டர்நெட் நடத்தினான். அந்தப் பகுதியில் வேறு எவனாவது கம்பி இழுத்தால் இவர் போய் வெட்டுவார். இழுத்தவன் எதிர்த்துப் பேசினால் அவன் விரலையும் நசுக்குவார். ஒருத்தனைக் கம்பத்தில் சாய்த்து, பல் விழும்வரை அறைந்ததை நானே பார்த்தேன். அடித்து முடித்ததும் குழாயில் கை கழுவிக்கொண்டு டீ குடிக்கப் போனார். அப்போது அவரைக் கண்டாலே எனக்கு ஆகாது.

அவரை மடக்கியது கல்யாணம்தான். "கைய ஓங்குற ஆளு எனக்கு வேணாம்" என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள் அந்தப் பெண். சத்தியம் செய்து கொடுத்தார், அண்ணனை விட்டு வெளியே வந்தார், எங்கள் கம்பெனியில் சேர்ந்தார்.

கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். டயர் கடைக்கு மேலே இரண்டு அறை, நல்ல உத்தியோகத்தை உதறிவிட்டு வந்த ஒரு முதலாளியம்மா, ஒரு வேன், அதை ஓட்ட நான். ஒரு மொட்டைமாடியில் ஒரு பெட்டி, தூரத்து மாடியில் இன்னொன்று. நடுவே கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி இன்டர்நெட்டைச் சுமந்து போகும். தெருவைத் தோண்ட வேண்டாம், கம்பமும் வேண்டாம். ஒரு பெட்டியின் ஒளி மற்றதன் கண்ணாடியில் நேராக விழுந்தால் போதும். பெட்டித் தலையில் இருக்கும் சின்னத் தொலைநோக்கியில் குறி பார்த்து, திருகைத் திருகி நிறுத்துவது ஒன்றரைக்கண்ணின் வேலை. எதிர் மாடியில் நிற்பது அவர் மனைவியின் தம்பி. அவனை அனுப்பும்போது அவள் ஒன்றுதான் கேட்டாள்: "என் தம்பிய முழுசா வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கணும்."

தவளை தன் வாயால் கெடும். இவர் அண்ணன் வீட்டு வாசலுக்கே போய், "இது உன்னால வெட்ட முடியாத கம்பிண்ணே" என்று சொல்லிவிட்டு வந்தார்.

அந்த மத்தியானம் வாய்க்காலுக்கு இந்தப் பக்க மாடியில் நானும் அவரும், அந்தப் பக்கம் மச்சினன். ஒளி சேர்ந்து எங்கள் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. சேர்ந்துவிட்டால் பெட்டியோடு இருக்கும் போனில் குரலும் அந்த ஒளி வழியே போய் வரும்.

"மாமா, கேக்குதா?"

"கேக்குது மாப்ள. நட்ட இறுக்கிட்டு இறங்கு."

உடனே பச்சை அணைந்தது. எரிந்தது. மறுபடி அணைந்தது. பறவை குறுக்கே பறந்தால் ஒரு தடவை அப்படி ஆகும். இது விடாமல் ஆனது. மச்சினன் தலையைக் குறுக்கே நீட்டிக்கொண்டு நட்டு இறுக்குகிறான் என்று இவர் முடிவு கட்டிவிட்டார். வேலைக்குப் புதியவர்கள் எல்லோரும் செய்கிற கூத்து அது.

"நகருடா எருமை! லைட்ட மறைக்காத!" என்று கத்திக்கொண்டே திருகைத் திருகினார்.

பச்சை வந்தபோது "மாமா" என்று ஒரு துண்டுக் குரல் வந்தது.

"மாமாவாவது மண்ணாங்கட்டியாவது! ஒழுங்கா நில்லுடா!"

நான் சிரித்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் அவர் தொலைநோக்கியில் கண்ணை வைத்தார். வைத்தவர் அசையவே இல்லை. அவரைத் தள்ளிவிட்டு நானும் பார்த்தேன். அந்த மாடியில் நாலு பேர். மச்சினன் பெட்டியின் காலைக் கட்டிப்பிடித்துக் கிடந்தான். இரும்புக் குழாயை ஓங்கும் தோள் பெட்டிக்கு முன்னால் வந்தபோதெல்லாம் ஒளி அறுந்தது. அவன்மேல் குழாய் இறங்கியபோது சேர்ந்தது. இவ்வளவு நேரம் அவன் அடி வாங்கியதற்குத்தான் நாங்கள் திருகு திருகிக்கொண்டிருந்தோம்.

போனில் அண்ணன் வந்தான். "தம்பி, குரல் நல்லாத் தெளிவா வருதுடா."

"அண்ணே, அவன விட்டுரு. உன் கால்ல விழறேன்."

"வெட்ட முடியாத கம்பின்னியே? இப்ப பாரு."

பெட்டிக்கு முன்னால் வந்து நெஞ்சை நிமிர்த்தி நின்றுகொண்டான். பச்சை அணைந்தது, திரும்ப வரவில்லை. தொலைநோக்கி முழுக்க அவன் சட்டைதான் தெரிந்தது.

வாய்க்கால் பாலத்துச் சுவரில் உரசி வேனின் பக்கக் கண்ணாடி பெயர்ந்தது. நான் நிறுத்தவில்லை.

நாங்கள் அந்த மாடிக்கு ஏறியபோது ஆட்கள் போய்விட்டிருந்தார்கள். அண்ணன் மட்டும் பெட்டியில் சாய்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். மச்சினனுக்கு மூச்சு இருந்தது. வலது கை விரல்கள் தரையோடு தரையாக நசுங்கிக் கிடந்தன.

"நீ கத்துக்குடுத்த வேலதான்டா," என்றான் அண்ணன். "முறைக்காத. நீதான் பொண்டாட்டிக்குச் சத்தியம் பண்ணவனாச்சே."

ஒன்றரைக்கண் பெரிய ஸ்பேனரை எடுத்தார். முதல் அடியில் தாடை போனது. விழுந்தவன் மேல் உட்கார்ந்து அடித்தார், முகம் முகமாக இல்லாமல் போகும்வரை அடித்தார். இடுப்பைப் பிடித்து இழுத்த என்னையும் உதைத்துத் தள்ளினார். பயத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அண்ணன் கால் உதறுவது நின்ற பிறகுதான் அவர் கை நின்றது. பிறகு மச்சினனை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

மச்சினன் உயிருக்குப் பயமில்லை, கை தேறாது என்றார் டாக்டர். போலீஸ் வருவதற்கு முன்பே ஒன்றரைக்கண்ணின் மனைவி ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்துவிட்டாள். நனைந்து உடம்போடு ஒட்டியிருந்த அவர் சட்டையை இரண்டு கையாலும் பற்றினாள்.

"இதுல என் தம்பி ரத்தம் எது?"

அவர் குனிந்து சட்டையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"தெரியலம்மா."

அவள் பிடியை விட்டாள். சிவந்த உள்ளங்கைகளை எதிலும் துடைக்காமல், விரித்துப் பிடித்தபடியே தம்பியைப் பார்க்க உள்ளே போனாள்.