கண்ணாடிக்குப் பொட்டு

கொட்டாஞ்சேனையில் எங்கள் தொடர்மாடியை உரசிக்கொண்டு போகும் மேம்பாலப் பாதையில் நீங்கள் வந்திருந்தால், அதன் கண்ணாடித் தடுப்பு முழுக்க வெள்ளைப் புள்ளிகள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அழகுக்கு என்று பலர் நினைக்கிறார்கள். அழகும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அது எங்கள் பெரியம்மாவின் வெற்றி. ஊரெல்லாம் சொல்லித் திரிகிறேன், இங்கேயும் சொல்கிறேன்.

நான் நாலாம் வகுப்பில் இருந்தபோது அந்தப் பாதையைக் கட்டினார்கள். இரைச்சலைத் தடுக்க இரும்புத் தகடு அடிக்கப்போவதாகக் கேள்விப்பட்டதும், குகைக்குள்ளா குடியிருக்கப் போகிறோம் என்று கொதித்து, வீடு வீடாக ஆள் திரட்டிப்போய்க் கண்ணாடித் தடுப்பை வாங்கித் தந்தவர் பெரியம்மா. பெரியப்பா தவறிய அடுத்த வருடம் அது. அக்கா அழுகிறதை விட்டுச் சண்டை பிடிக்கிறா, பிடிக்கட்டும் என்று அம்மா சொன்னார்.

கண்ணாடி வந்தது. ஐப்பசியில் குருவிகளும் வந்தன. கடல் தாண்டிக் களைத்து வரும் ஆறுமணிக்குருவிகள், கண்ணாடியில் தெரிந்த வானத்தை வானமென்றே நம்பி மோதிச் செத்தன. பெரியம்மா அவற்றைப் பொறுக்கிக் கொண்டுபோய்ப் பாதை வேலைப் பொறியியலாளரின் மேசையில் வைத்தார்.

அந்தப் பொறியியலாளர் ஒரு சிங்கள இளைஞர், நல்ல பிள்ளை. பருந்து ஸ்டிக்கர் ஒன்று ஒட்டினார். குருவிகள் பருந்துக்குப் பக்கத்தில் மோதிச் செத்தன. பாதை திறக்க முதல் கண்ணாடியைக் கழற்றித் தகடு அடிப்பதுதான் வழி என்று அவர் கையை விரித்ததும், தொடர்மாடியே பெரியம்மா மேல் பாய்ந்தது. குருவிக்காக மனுசர் இருட்டில் கிடக்கவோ என்று கேட்டார்கள். வெளிச்சமும் வேண்டும், குருவியும் சாகக்கூடாது என்றால் யார் கேட்பது? பெரியம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த வாரம் எங்கள் வரவேற்பறை ஜன்னலிலும் ஒரு குருவி மோதி விழுந்தது. கொஞ்ச நேரம் கிடந்துவிட்டு எழும்பிப் பறந்தது. எனக்கு ஆசை தாங்கவில்லை. நான் படுப்பது பெரியம்மாவின் அறையில்.

"பெரியம்மா, எங்கடை அறை ஜன்னலுக்கு மட்டும் ஏன் ஒண்டும் வாறேல்லை?" என்று சிணுங்கினேன்.

பெரியம்மா எழும்பிப்போய் அந்த ஜன்னலைப் பார்த்தார். முழுக்க ஸ்டிக்கர் பொட்டு. மற்ற வீடுகளில் முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒட்டுவார்கள். பெரியம்மா படுக்க முதல் நெற்றிப் பொட்டை எடுத்துக் கட்டிலடி ஜன்னலில் ஒட்டுவார். வருடக்கணக்காகச் சேர்ந்தவை. பெரியப்பா போனபின் புதிதாக எதுவும் சேரவில்லை, பழையதை யாரும் உரிக்கவுமில்லை.

அலுமாரிக்குள் ஒரு பிஸ்கட் டின் நிறையப் பிரிக்காத பொட்டுப் பக்கெற்றுகள் இருந்தன. போதாததை வாங்க அம்மா புறக்கோட்டைக் கடைகளுக்கு ஓடினார். பொறியியலாளர் முதலில் சிரித்தார், பிறகு எங்கள் மாடிக்கு நேரான துண்டில் மட்டும் ஒட்டிப்பார்க்க விட்டார். திறக்காத பாதையில் கதிரை போட்டு ஏறி நின்று ஒட்டினோம். ஒரு பருந்து என்றால் குருவி பக்கத்தால் போகப் பார்க்கும். உள்ளங்கை அகலத்துக்குள் பொட்டுக்குப் பொட்டு இருந்தால் எந்தப் பக்கத்தால் போவது?

சரியாகவே நடந்தது. பொட்டில்லாத கண்ணாடிகளின் அடியில் குருவிகள் விழுந்துகொண்டிருந்தன. எங்கள் துண்டின் அடியில் ஒன்றுகூட இல்லை. பொறியியலாளர் காலையில் வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்.

மழைக்குச் சில பொட்டுகள் உரிந்தன. அவற்றுக்குப் பதில் ஒட்டிக்கொண்டிருந்தபோது அவர் வந்தார். பாதை முழுக்கப் புள்ளி அச்சடித்த கண்ணாடி பூட்ட அனுமதி கிடைத்துவிட்டது, ஆன்ட்டி வென்றுவிட்டீர்கள் என்று சிங்களத்தில் சொன்னார். கூட நின்ற தொடர்மாடிப் பெண்கள் கைதட்டினார்கள். கூடுதலாகத் திட்டிய மேல்மாடிக்காரியே ஓடிவந்து பெரியம்மாவைக் கட்டிப்பிடித்தார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோசம்.

பெரியம்மாவின் விரல் நுனியில் கடைசிப் பொட்டு இருந்தது. பெரியது, சிவப்பு. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் நெற்றியில் வைத்து அழுத்தினார்.

கைதட்டல் நின்றுவிட்டது. எனக்கோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கண்ணாடியின் மூலையில் இன்னும் ஓரிடம் வெறுமையாகக் கிடந்தது.

"பெரியம்மா, அது குருவிக்கெல்லோ?" என்றேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்ற அம்மா சட்டென்று என் வாயைப் பொத்தினார். அந்தக் கை ஈரமாக இருந்தது. மழை என்றுதான் நினைத்தேன்.