கப்பலுக்கு முன்னால் ஒரு லாரிப் பலகை

அப்புசாமி தன்னைப் பெற்ற அப்பனுக்குத் தர வேண்டிய கடன் ரெண்டாயிரத்து நானூறு ரூபாய். ஒரு ஜோடி காங்கேயம் காளையின் விலை, எழுபத்திரண்டாம் வருஷத்து விலை. எழுத்து இல்லை, சாட்சி இல்லை. எடுத்தவனுக்குத் தெரியும், பறிகொடுத்தவருக்குத் தெரியும். அவ்வளவுதான்.

அப்புசாமி யார் என்று சோமனூர்ப் பக்கம் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். நாலாம் வகுப்பில் வாத்தியார் ஓங்கிய பிரம்பைப் பிடுங்கி ஓட்டின் மேல் எறிந்துவிட்டு வந்தவன், அப்புறம் பள்ளிக்கூட வாசலை மிதிக்கவே இல்லை. கெட்டா போய்விட்டான்? முப்பத்தாறு தறி ஓடுகிறது. சொந்த லாரி, மாடி வீடு. காலேஜ் படித்தவன் வந்து அவன் முன்னால் நின்றுகொண்டு கணக்குச் சொல்கிறான். யார் காசிலும் நான் வளரவில்லை என்று மார் தட்டத்தான் அவனுக்கு ஆசை. தட்டப் போகும்போதெல்லாம் அந்த ரெண்டாயிரத்து நானூறு வந்து குறுக்கே நிற்கும்.

அப்பா பொங்கியண்ணன் மாட்டுத் தரகர். ஏனோதானோ தரகர் இல்லை. கண்ணபுரம் சந்தையில் அவர் தோளில் கிடக்கும் துண்டை இறக்கினால் சுற்றி நிற்கிற கூட்டம் வாயை மூடும். மாட்டு விலையை அங்கே வாயால் சொல்வது கிடையாது. இவர் கையும் அவர் கையும் துண்டுக்கடியில் போகும். பிடிக்கிற விரல்தான் விலை. இரண்டு விரல் என்றால் இரண்டு, நாலு என்றால் நாலு. முதல் பிடி ஆயிரம், அடுத்த பிடி நூறு. பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது. துண்டு மூடாமல் விலை பேசுவது பொங்கியண்ணனுக்கு வேட்டி இல்லாமல் நடுத்தெருவில் நிற்பது போல.

பாலக்காட்டு வழியாக மாடுகளை நடத்திக்கொண்டு அவர் ஒருமுறை கொச்சி வரைக்கும் போயிருக்கிறார். அங்கே கப்பலைப் பார்த்துவிட்டு வந்தவர் வருஷக்கணக்கில் அதையே பேசினார். "மலையே மெதக்குதுடா. ஒருக்கா அதுல ஏறி எறங்கிப்போட்டுத்தான் கண்ண மூடுவேன்" என்பார்.

அந்தக் காளை ஜோடியைக் கண்ணபுரம் தேர்த் திருவிழாச் சந்தையில் விற்க வேண்டும் என்று பொங்கியண்ணன் பருத்திக்கொட்டை வைத்துத் தேற்றிக்கொண்டிருந்தார். அவர் வெளியூர் போயிருந்த நேரத்தில் அப்புசாமி பாலக்காட்டு வியாபாரி ஒருவனுக்கு அவற்றைப் பிடித்துக் கொடுத்துவிட்டான். வந்த காசில் இரண்டு பழைய தறி வாங்கிப் போட்டான்.

அப்பன் அவனைச் சந்தை நடுவில் பிடித்தார். முதல் சாட்டையடியில் சட்டை கிழிந்தது. அடுத்ததில் முதுகுத் தோல் வாயைப் பிளந்தது. அதற்கடுத்தது இடது காதில் விழுந்து மடலில் பாதியை அறுத்துத் தொங்கவிட்டது. மறுபடி ஓங்கியபோது அப்புசாமி சாட்டையைப் பிடுங்கினான். பிடுங்கினவன் சும்மா விடவில்லை. கம்பைத் திருப்பி அப்பன் முகத்தில் ஒரு வீசு வீசினான். முன்பல் இரண்டு ரத்தத்தோடு சாணியில் விழுந்தன.

பொங்கியண்ணன் குனிந்து பல்லைப் பொறுக்கித் துண்டில் முடிந்துகொண்டார். அன்றோடு மகனிடம் பேச்சை விட்டார். சின்னவன் நாச்சிமுத்துவோடு உடுமலைப்பேட்டைத் தென்னந்தோப்புக்குப் போய்ச் சேர்ந்தார்.

அப்புசாமி கடனைக் கொடுக்கப் போகாமல் இல்லை. முதல் லாபம் வந்ததும் ஐயாயிரம் கொண்டுபோய் நீட்டினான். பொங்கியண்ணன் அதை வாங்கி மாட்டுத் தொட்டித் தண்ணீரில் போட்டார். பத்துத் தறி ஆனதும் பத்தாயிரமும் ஒரு கைக்கடிகாரமும். அது சாணிக் குழிக்குப் போயிற்று. லாரி வாங்கியதும் அந்த லாரியிலேயே போய் ஒரு மஞ்சப்பை நிறையப் பணத்தை முன்னால் வைத்தான். கல்லெடுத்து லாரிக் கண்ணாடியை உடைத்தார். எவ்வளவு கொடுத்தாலும் இந்தக் கிழவனுக்குப் போதாது என்று அப்புசாமி முடிவுகட்டினான்.

தொண்ணூற்றேழில் பொங்கியண்ணனுக்கு வாதம் அடித்தது. இடது கையும் காலும் விழுந்தன, பேச்சும் போயிற்று. நல்ல உயரம், நல்ல கனம். நாச்சிமுத்துவின் பெண்டாட்டி தூக்கித் தூக்கி இடுப்பொடிந்து படுத்துவிட்டாள். வேறு வழியில்லாமல் நாச்சிமுத்து அப்பனை ஒரு காரில் கொண்டுவந்து அண்ணன் வாசலில் இறக்கினான். "வைத்தியம் பாரு. தோப்புப் பேச்சு மட்டும் எடுத்தீன்னா வெட்டிப்போடுவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். தோப்பு இன்னும் அப்பன் பேரில்தான் இருந்தது.

மருமகள் ராசாத்தாள் ஊட்டினால் பொங்கியண்ணன் சாப்பிடுவார். அப்புசாமி கரண்டியை நீட்டினால் பல்லைக் கடித்துக்கொள்வார். அதைவிடக் கொடுமை ஒன்று இருந்தது. அவன் பக்கத்தில் வந்தாலே நல்ல கையால் தோள் துண்டை உருவி மடியில் போட்டு அறைவார், உறுமுவார். ஒருநாள் துண்டை எடுத்து மடித்து வைக்கலாம் என்று அப்புசாமி குனிந்தான். கிழவர் அவன் விரல்களைப் பிடித்து நெரித்தார். மாட்டுக் கயிறு பிடித்த கை அது. நகக்கண்ணில் ரத்தம் கட்டிப் போயிற்று. அவன் கையை உதறிக்கொண்டு வந்தான்.

"சாகற வரைக்கும் என்னைய அடிச்சுக்கிட்டேதான் இருப்பாரு போல" என்றான் ராசாத்தாளிடம்.

"வேர்க்குதோ என்னமோங்க. துண்டு அழுக்காயிருக்கும்" என்று அவள் வேறு துண்டு போட்டுவிட்டாள்.

அன்றைக்குத்தான் அப்புசாமிக்குக் கப்பல் ஞாபகம் வந்தது. காசு வேண்டாம் என்கிறவர் கப்பலை வேண்டாம் என்பாரா? கண்ணை மூடுவதற்குள் அப்பன் தன் கையிலிருந்து ஒன்றே ஒன்றை வாங்கிக்கொள்ள வேண்டும். அது கப்பலாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

கோயமுத்தூர் உக்கடத்தில் மாடி ஏறிப் போகிற ஒரு டிராவல்ஸ். டை கட்டிய ஒருவன் விவரம் சொன்னான். கொச்சியில் ஏறலாம், தீவுப் பக்கம் போய் இரண்டே நாளில் திரும்பிவிடலாம். "ஆனா பெரியவரு படி ஏறுவாருங்களா?"

"ஏற மாட்டாரு. நாங்க தூக்கிட்டு ஏறுவோம்."

"கப்பலேணி சாய்வா இருக்குமுங்க, அகலமும் பத்தாது. தீவுகிட்டப் போனா சின்னப் படகுக்கு வேற மாறோணும். அது அலையில எகிறும்."

"தீவு யாருக்கு வேணும்? அவரு கப்பல்லயே உக்காந்திருக்கட்டும். கடலு தெரியற பக்கம் கீழ்த்தட்டுல ரூம் போடு. கக்கூசு உள்ளயே இருக்கோணும். டாக்டர் சீட்டு வேணுமா, வாங்கியாரேன். வேறென்ன?"

பக்கத்து மேஜைக்காரன் சிரித்தான். "இவ்வளவு சிரமம் எதுக்குங்க? எடை போட்டு சரக்கோட சரக்கா அனுப்பிருங்களே."

அப்புசாமி எழுந்தான். சிரித்தவன் சட்டையைப் பிடித்து முகத்தை மேஜைக் கண்ணாடியில் ஒரு மோது மோதினான். கண்ணாடி விரிந்தது. அவன் மூக்கும் உடைந்தது, அப்புசாமியின் கையும் கிழிந்தது. கிழிந்த கையாலேயே கண்ணாடிக்கும் மூக்குக்கும் டிக்கெட்டுக்கும் சேர்த்துப் பணம் கட்டினான். ரத்தக் கறை படிந்த நோட்டை எண்ணிக்கொண்டே டை கட்டினவன் ஒரு யோசனை சொன்னான்.

"ஊட்லயே ஒருக்கா தூக்கிப் பழகிப் பாருங்க. ஏணில பாதியில நின்னுட்டா வம்புங்க."

நியாயமான யோசனை. கப்பலேணிக்கு அப்புசாமி எங்கே போவான்? துணிக் கட்டுகளை, அந்தப் பேல்களை, லாரியில் தள்ளி ஏற்றுகிற பலகை இருக்கிறதே. அதை லாரியின் பின்பக்கம் சாய்த்துப் போட்டான். கைவைத்த மர நாற்காலி ஒன்றை இரண்டு மூங்கிலில் கட்டினான். தறி மேஸ்திரி கண்ணையாவையும் கட்டுமஸ்தான மூன்று பேரையும் கூப்பிட்டான். அன்று சனிக்கிழமை, சம்பள நாள். கட்டுக்கட்டாகப் பணம் அவன் அண்டிராயர்ப் பையில் இருந்தது.

பொங்கியண்ணனை உட்கார வைத்து, சரிந்துவிடாமல் இருக்க இடுப்பையும் மாரையும் கயிற்றால் நாற்காலியோடு கட்டினார்கள். கிழவர் உறுமினார். கைத்தடியால் கண்ணையாவின் மண்டையில் ஒன்று போட்டார்.

"ஐயோ, கவுண்டரே! நான் என்னங்க பண்ணுனேன்? உங்க மகன அடிங்க, நான் சம்பளத்துக்கு வந்தவனுங்க!"

"தடியப் புடுங்கு. தூக்குங்கடா!" என்றான் அப்புசாமி.

நாலு பேரும் தூக்கிக்கொண்டு பலகையில் கால் வைத்தார்கள். பாதி ஏறியிருப்பார்கள். வாசலில் புல்லட் சத்தம். அப்பனைப் பார்க்க உடுமலையிலிருந்து நாச்சிமுத்து வந்திருந்தான். அவன் கண்ணில் பட்டது என்ன? பெற்ற அப்பனைக் கயிற்றால் கட்டி லாரியில் ஏற்றுகிறார்கள். அப்பன் திமிறுகிறார், வாயில் எச்சில் ஒழுகுகிறது. அவனுக்கு வேறென்ன தோன்றும்?

"கைநாட்டு வாங்கறதுக்கு ரிஜிஸ்டர் ஆபீசுக்குத் தூக்கிட்டுப் போறியாடா, திருட்டு நாயே! அன்னைக்கு மாடு, இன்னைக்குத் தோப்பா?"

"டேய் தம்பி, இது கப்பலுக்குடா..."

"கப்பலா! சோமனூர்ல ஏதுடா கப்பல்?"

சுவரோரம், தறியில் ஊடைநூல் நாடாவை அடித்து ஓட்டுகிற மரக்கட்டைகள் குவிந்து கிடந்தன. நாச்சிமுத்து ஒன்றை எடுத்தான். அடி நெற்றியில் விழுந்தது. புருவம் பிளந்து அப்புசாமியின் வலது கண்ணை ரத்தம் மூடியது. அடுத்த அடி தோளில். மூன்றாவதற்கு அவன் இடம் கொடுக்கவில்லை. தம்பியின் வயிற்றில் உதைத்து, கீழே விழுந்தவனின் கழுத்தைப் பிடித்து லாரிச் சக்கரத்தில் மோதினான். வாய் கிழிந்தது. மறுபடி மோதினான். ராசாத்தாள் ஓடிவந்து அவன் முதுகில் தொங்கினாள்.

"உட்ருங்க, செத்துப்போயிருவாருங்க!"

அண்ணன் தம்பியைக் கொன்றுவிடுவான் என்று பயந்து கண்ணையா மூங்கிலை விட்டுவிட்டுக் குதித்தான். அங்கேதான் தப்பு நடந்தது. ஒரு மூலை தணிந்ததும் நாற்காலி சாய்ந்தது. மற்ற மூன்று பேர் தோளும் தாங்கவில்லை. பேல் ஏற்றி ஏற்றி வழவழத்த பலகையில் நாற்காலி கிழவரோடு சேர்ந்து சறுக்கிக்கொண்டு வந்தது. கீழே கருங்கல் தளம்.

அப்புசாமி தம்பியை விட்டான், பாய்ந்தான். நாற்காலியின் கால் அவன் விலாவில் இறங்கியது. உள்ளே ஏதோ முறிகிற சத்தம் அவனுக்கே கேட்டது. அவன் மல்லாந்து கிடக்க, நாற்காலி அவன் மேல் கிடந்தது. நாற்காலியில் பொங்கியண்ணன். கிழவர் மேல் ஒரு கீறல் இல்லை. தோள் துண்டு மட்டும் நழுவி இரண்டு பேர் கை மேலும் விழுந்தது.

துண்டுக்குள்ளே அப்பன் கை அவன் கையைத் தேடிப் பிடித்தது.

இரண்டு விரலைப் பிடித்து அழுத்தியது. விட்டது. நாலு விரலைப் பிடித்து அழுத்தியது. விட்டது.

அப்புசாமி ரத்தத்துக்குள்ளிருந்து அண்ணாந்து பார்த்தான். கிழவர் அவனைப் பார்க்கவில்லை. சந்தையில் பார்க்கிற மாதிரி எங்கேயோ தூரத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி இரண்டு. மறுபடி நாலு.

இத்தனை நாளும் துண்டை உருவி மடியில் போட்டு அறைந்தது இதற்குத்தானா? அடிக்கிற கை என்றே நினைத்து அதை உதறிக்கொண்டு ஓடியிருக்கிறான். மாட்டுத் தரகர் மகனுக்கு இது புரியவில்லை!

"என்னண்ணா பண்றாரு?" என்றான் நாச்சிமுத்து, ரத்தத்தைத் துப்பியபடி.

"வெலை சொல்றாருடா."

பெரிய மனுஷன் புத்தி சும்மா இருக்குமா? அப்புசாமி துண்டுக்கடியில் அப்பனுடைய ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தான். அஞ்சு லட்சமே ஆனாலும் தருகிறேன் என்று அர்த்தம். பொங்கியண்ணன் அவன் சுண்டு விரலைப் பின்னால் மடக்கினார். எலும்பு நெரிந்தது. அவன் "அப்பா!" என்று கத்தினான். கிழவர் விடாமல் மறுபடி இரண்டைப் பிடித்தார், நாலைப் பிடித்தார்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஐயாயிரம் கொடுத்தான், பத்தாயிரம் கொடுத்தான், மஞ்சப்பை நிறையக் கொடுத்தான். அப்பன் சொல்ல வேண்டிய விலையை மட்டும் கொடுக்கவே இல்லை. விலைக்கு மேலே கொடுத்ததெல்லாம் அவருக்குப் பிச்சை. இந்தக் கப்பலும் பிச்சைதான்.

அவன் அப்பனுடைய இரண்டு விரலைப் பிடித்தான். பிறகு நாலைப் பிடித்தான்.

பொங்கியண்ணன் துண்டை உருவித் தோளில் போட்டார். பேரம் முடிந்தது என்றால் தரகர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

கயிற்றை அவிழ்க்க ராசாத்தாள் வந்தாள். கிழவர் அவள் கையைத் தட்டிவிட்டார். பலகையை நோக்கி முகவாயை ஆட்டினார், லாரியை நோக்கி ஆட்டினார்.

"மறுக்காவும் தூக்கச் சொல்றாருங்களா?" என்றான் கண்ணையா, வீங்கிய மண்டையைத் தடவிக்கொண்டு.

"தூக்கலாம், இரு" என்றான் அப்புசாமி. "அதுக்கு முன்னால ஒரு வேலை கெடக்குது."

நாற்காலியை நிமிர்த்தினார்கள். நாச்சிமுத்துவும் ஒரு பக்கம் பிடித்தான். அப்புசாமியால் நிற்க முடியவில்லை. ஒரு கையால் விலாவை அழுத்திக்கொண்டு முட்டி போட்டான். சம்பளக் கட்டைப் பிரித்தான். ஒரு ரூபாய் கூடினாலும் அது தொட்டித் தண்ணீருக்குத்தான் போகும் என்று இப்போது அவனுக்குத் தெரியும்.

பொங்கியண்ணன் நல்ல கையை நீட்டி விரித்தார்.

"நூறு" என்று முதல் நோட்டை வைத்தான் அப்புசாமி. "எரநூறு. முந்நூறு." புருவத்து ரத்தம் மூக்கு வழியாக இறங்கி நோட்டின் மேல் சொட்டியது. கிழவர் கை அசையவில்லை. ஆயிரம் ஆயிற்று. ரெண்டாயிரம் ஆயிற்று. கடைசி நோட்டை வைத்து, "ரெண்டாயிரத்து நானூறுங்கப்பா" என்றான். பொங்கியண்ணன் விரல்களை மடக்கி மூடினார்.