பகலில் வீட்டில் யார்?

எனக்கு ஒன்பது வயது முடிந்தபோது, ஓசூரிலிருந்த மாமா பிறந்தநாள் பரிசாக நாய்க்குட்டி வாங்கித் தருவதாகச் சொல்லி, தான் வர முடியாததால் அதற்கான பணத்தை அம்மாவிடம் அனுப்பிவைத்தார். வாங்கினால் ஜெர்மன் ஷெப்பர்டுதான் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். அந்த ஜாதி நாயை நான் நேரில் பார்த்தது ஒரே ஒருமுறை, ஒரு போலீஸ்காரரின் பக்கத்தில். அப்படி ஒன்று எங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தால் எங்கள் சாம்பியன் ரீப்ஸ் சுரங்கக் குடியிருப்பே என்னைத் திரும்பிப் பார்க்கும் என்பதைத் தவிர எனக்கு வேறு யோசனை இல்லை.

அப்பா மட்டும் பிடிகொடுக்கவில்லை. தினமும் விடிகாலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இருட்டிய பிறகு திரும்புபவர் அவர். கேட்கும்போதெல்லாம் அடுத்த மாதம் பார்க்கலாம் என்பார். அம்மாதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் என்னையும் அப்பாவையும் ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே ஒருவர் வேனின் பின்கதவைத் திறந்துவைத்து, அட்டைப் பெட்டிகளில் குட்டிகளை விற்றுக்கொண்டிருந்தார். எனக்கு எல்லாமே பிடித்துவிட்டது. அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒரு குட்டியைத் தூக்கி அதன் கண்ணைப் பார்த்தாள், வாயைத் திறந்து ஈறைப் பார்த்தாள், ஊதியிருந்த வயிற்றைத் தடவினாள்.

"இதோட தாய் எங்க?"

"தாயெல்லாம் பெங்களூர்ல இருக்குதும்மா. ஒரிஜினல் ஜாதி. பேப்பர் வேணும்னா எழுதித் தர்றேன்."

அம்மா குட்டியைப் பெட்டியில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு நடந்தாள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நான் அழுதேன். அப்பாவின் முகத்தில் நிம்மதி தெரிந்தது. குட்டி வேண்டாம் என்பதால்தான் அந்த நிம்மதி என்று நினைத்து, இரண்டு நாள் அவரோடு பேசாமல் இருந்தேன்.

அடுத்த ஞாயிறு ஊரிகத்துக்குப் போனோம். அம்மாவோடு வேலை செய்யும் ஒருவர் சொல்லி அனுப்பிய வீடு. சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் கடைசி வீட்டில் ஒரு அக்கா இரண்டு ஷெப்பர்டுகளை வளர்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். பின்பக்கம் கம்பி வேலி போட்ட இடத்தில் தாய் நாய் படுத்திருக்க, அதன்மேல் ஐந்து குட்டிகள் ஏறி விழுந்துகொண்டிருந்தன. நாங்கள் போனதும் தாய் எழுந்து வந்து ஒவ்வொருவரையும் மோந்து பார்த்துவிட்டு, போனால் போகிறது என்பதுபோல மறுபடி படுத்துக்கொண்டது.

அம்மா கேட்பதற்கு முன்பே அந்த அக்கா ஒரு பெரிய உறையிலிருந்து எக்ஸ்ரே படத்தை எடுத்து வெயிலுக்கு எதிரே பிடித்துக் காட்டினாள். தாயின் இடுப்பு எலும்பு. இந்த ஜாதிக்கு இடுப்பில்தான் குறை வரும், அது குட்டிக்கும் இறங்கும், அதனால் தாய் தகப்பன் இரண்டுக்கும் படம் எடுத்துப் பார்த்த பிறகே சேர்த்தேன் என்றாள். இரண்டு வருஷத்துக்கு முன்பு ஓர் ஈத்து, இப்போது இது. அடுத்து இந்த நாயைக் குட்டி போட விடப்போவதில்லையாம். அம்மாவுக்குத் தன்னைப்போலவே ஒருத்தி கிடைத்துவிட்டாள். இருவரும் தடுப்பூசி, பூச்சி மருந்து என்று பேச ஆரம்பித்தார்கள். நான் நெற்றியில் கறுப்பு இறங்கிய ஒரு பெண்குட்டியை மனதுக்குள் எனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டேன்.

பிறகு அக்கா ஒரு நோட்டை எடுத்துக் கேள்வி கேட்கத் தொடங்கினாள். வீட்டில் வேலி உண்டா, குட்டி எங்கே தூங்கும், யார் நடத்திக் கூட்டிப்போவார்கள். எல்லாவற்றுக்கும் நானே முந்திக்கொண்டு பதில் சொன்னேன்.

"பகல்ல வீட்ல யார் இருப்பாங்க?"

"பக்கத்து வீட்டு ஆன்ட்டி பாத்துப்பாங்க" என்றேன்.

"அவங்களுக்கு நாய்னாலே ஆகாது" என்றாள் அம்மா. "எனக்கு டூட்டி, இவளுக்கு ஸ்கூல், இவர் ரயிலுக்குப் போனா பொழுது சாஞ்சுதான் வருவாரு. பகல்ல யாரும் இல்ல."

அக்கா நோட்டை மூடினாள். "அப்போ வேணாம் சிஸ்டர். தப்பா நெனைக்காதீங்க. ஆடு மாட்டுப் பின்னால ஓடறதுக்குன்னே வந்த ஜாதி இது. ஒண்டியா அடைச்சுப் போட்டா அதுக்குப் பைத்தியம் புடிச்சுடும். சின்னக் குட்டிக்கு நாலு வேளை சாப்பாடு வேற குடுக்கணும்."

அப்பா படியில் உட்கார்ந்திருந்தார். நான் மனதில் எடுத்து வைத்த அதே குட்டி அவருடைய செருப்பு வாரைக் கடித்துக்கொண்டிருந்தது. அவர் அதையே பார்த்தபடி, "நான் இருப்பேன்" என்றார்.

"நீங்க எப்படி இருப்பீங்க? வேலைக்கு யாரு போவாங்க?" என்றாள் அம்மா.

"வேலை இல்ல" என்றார் அப்பா. "ரெண்டு மாசமாச்சு. ஆளக் கொறைச்சுட்டாங்க."

"தெனமும் ரயிலுக்குப் போறீங்களே?"

"போறேன். தேடறேன். சில நாள் வழியில பங்காருப்பேட்டை ஸ்டேஷன்லயே உக்காந்துட்டு வந்துடுவேன்."

டீ வைக்கிறேன் என்று அக்கா உள்ளே போனாள். நான் குட்டியின் வயிற்றைச் சொறிந்துகொண்டிருந்தேன். அது மல்லாந்து படுத்து என் விரலைக் கடித்தது.

டீயோடு திரும்பிய அக்கா மறுபடி நோட்டைத் திறந்தாள். "அண்ணா, வேலை கெடைச்சா போங்க. மொத ஆறு மாசம் மட்டும் யாராச்சும் கூட இருக்கணும். அப்புறமும் வெச்சுக்க முடியலன்னா வேற யாருக்கும் குடுக்காதீங்க, என்கிட்டயே கொண்டாந்து விடுங்க." குட்டிகளுக்கு ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. இன்னும் இரண்டு வாரம் தாயிடம் இருக்கட்டும் என்று சொல்லி அப்பாவின் பெயரை எழுதிக்கொண்டாள்.

அந்தக் குட்டி எங்கள் வீட்டில் பன்னிரண்டு வருஷம் இருந்தது. கடைசி வருஷம்வரை ஒரு நாளும் நொண்டவில்லை. அப்பா ஏழு மாதம் அதற்கு நேரம் தவறாமல் சாப்பாடு வைத்தார், சொன்ன பேச்சைக் கேட்கப் பழக்கினார், காலையும் மாலையும் சுரங்க மண்மேடுகளில் ஓடவிட்டார். அவர்களை அப்படித் தினமும் பார்த்த ஒருவர்தான் கோலாரில் அவருக்கு ஒரு கிடங்கில் வேலை வாங்கிக் கொடுத்தார்.

இதெல்லாம் பிறகு நடந்தது. அன்று நாங்கள் வீட்டுக்கு நடந்தே திரும்பினோம். அப்பாவும் அம்மாவும் முன்னால் நடந்தார்கள். நான் பின்னால் கணக்குப் போட்டுக்கொண்டே போனேன். நான் குட்டி கேட்க ஆரம்பித்துச் சரியாக இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஓடிப்போய் அப்பாவின் சட்டையைப் பிடித்து, "குட்டிக்காகவா வேலைய விட்டப்பா?" என்று கேட்டேன்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அதுவரை தெருவில் ஒருநாளும் செய்யாததைச் செய்தாள், அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆமா" என்றாள், "குட்டிக்காகத்தான்."

மறுநாள் பள்ளிக்கூடத்தில் இதை எல்லாரிடமும் சொன்னேன். மதியச் சாப்பாட்டுக்குள் மூன்று வகுப்புகளுக்குத் தெரிந்துவிட்டது. சாயங்காலம் என்னை அழைத்துப்போக அப்பா வந்து நின்றபோது, மற்ற அப்பாக்கள் யாரும் வந்திராத அந்தக் கேட்டருகே, என்னைவிடப் பெருமையாக நடந்த பெண் அந்தப் பள்ளியில் இல்லை.